காரைக்கால் கடலோரமும் கைப்பேசிக் கோபுரங்களும்: கதிர்வீச்சு விதியிலிருந்து காற்று விதி வரை

தருமபுரம், காரைக்கால் நகரை ஒட்டிய பாடல் பெற்ற தலம். சம்பந்தர் பாடிய பண் யாழில் அடங்காமல் போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்க முற்பட்டார் என்பது இங்குள்ள யாழ்மூரிநாதர் கோயிலின் தலவரலாறு. (மயிலாடுதுறையிலுள்ள தருமபுரம் ஆதீனம் வேறு.) நிர்வாகத்தில் இவ்வூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. தொலைத்தொடர்பு உரிமங்களின் கணக்கிலோ காரைக்கால் தமிழ்நாடு வட்டத்துக்குள் வருகிறது. அதே ஒன்றியப் பகுதியின் மாகே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் உள்ளன. ஆகவே இங்கு எழும் ஒரு கைப்பேசிக் கோபுரத்துக்கு அலைவரிசை விதிகள் தில்லியிலிருந்து வருகின்றன, இட அனுமதி புதுச்சேரி நிர்வாகத்தின் கீழ் கிடைக்கிறது, சேவையோ தமிழ்நாட்டு வலையமைப்பின் பகுதியாக நடக்கிறது. ஒரு கோபுரத்தின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எளிதில் தீராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய சட்டம், புதிய கோபுரம்

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தொடங்கியபோது, அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமுமே அடிப்படை. ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 1997இல்தான் அமைந்தது. கோபுரம் விமானப் பாதைக்கு இடையூறாகுமா, பிற அலைவரிசைகளில் குறுக்கிடுமா என்பதை மத்திய அரசு பார்த்தது. கட்டடம் எடையைத் தாங்குமா என்பது உள்ளாட்சியின் பொறுப்பு. அடுத்த பத்தாண்டுகளில் நகரங்களின் மொட்டைமாடிகள் நிரம்பின. கோபுரம் ஒரு நிறுவனத்துடையதாகவும், அதில் மாட்டிய ஆன்டெனாக்கள் வேறு சில நிறுவனங்களுடையனவாகவும் இருக்கும் ஏற்பாடும் அப்போது பரவியது.

கதிர்வீச்சு அச்சம்

மக்கள் முதலில் கேட்டது கதிர்வீச்சைப் பற்றி. அயனியாக்காக் கதிர்வீச்சுக்கான பன்னாட்டு ஆணையத்தின் வரம்புகளை இந்தியா 2008இல் ஏற்றது. 2010இல் அமைக்கப்பட்ட அமைச்சகங்களுக்கிடையிலான குழு, 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆயிற்று. கைப்பேசிக் கருவிக்கான வரம்பும் 1 கிராம் திசு சராசரியில் கிலோகிராமுக்கு 1.6 வாட் என மாறியது.

வழக்குகள் இத்துடன் ஓயவில்லை. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் அருகிலிருந்த கோபுரங்களை அகற்ற ஆணையிட்டது. 2017இல் குவாலியரில் ஒரு கோபுரத்தை நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். மறுபுறம், 5ஜி சேவைக்கு எதிரான மனுவை 2021 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் அபராதத்துடன் தள்ளுபடி செய்தது. கோபுரங்களின் கதிர்வீச்சு விவரத்தைப் பொதுமக்களே பார்க்கும் வகையில் ‘தரங் சஞ்சார்’ இணையதளம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இவ்வகை அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. சான்று குறைவு, ஆனால் கதவை மூடவும் முடியாது என்பதே அப்பிரிவின் பொருள். ஆசிய மரபுக் காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அம்முகமை முதன்மையாக ஆராய்ந்தது காதோரம் வைக்கும் கருவியை. தொலைவிலுள்ள கோபுரத்தை அன்று. சிக்னல் குறையும்போது கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறது என்பதால், தெருவில் இருந்த கோபுரத்தை விரட்டிய குடியிருப்பில் கைக்கருவியின் கதிர்வீச்சு கூடவும் கூடும். அச்சத்தை எள்ள வேண்டியதில்லை. ஆனால் இருபதாண்டு விவாதத்தின் பெரும்பகுதியை அது எடுத்துக்கொண்டது. கடலோரத்தில் வந்த ஆபத்து வேறு.

காற்று

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். காரைக்கால் அதன் வடக்கே சிறிது தொலைவில் இருந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சில கோபுரங்கள் சாய்ந்தன. நின்ற கோபுரங்களும் மின்சாரம் இல்லாமல் ஊமையாயின. மின்கலம் சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வர, மரம் விழாத சாலை வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் இதையே பட்டறிந்தது.

இந்தியத் தர நிறுவனத்தின் காற்றுச்சுமைக் குறியீடு (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) 2015இல் திருத்தப்பட்டபோது, கிழக்குக் கடற்கரையில் 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குப் புதிய காரணி ஒன்று சேர்ந்தது. புயலுக்குப் பிறகு அவசியமான கட்டமைப்புகள், அதாவது புயல் காப்பகம், மருத்துவமனை, பள்ளி, தகவல்தொடர்புக் கோபுரம் ஆகியவற்றை வடிவமைக்கும்போது காற்றின் வேகத்தை 1.3 மடங்காகக் கொள்ள வேண்டும். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக உயர்வதால் இது 1.69 மடங்கு விசை. கோபுரத்தை மருத்துவமனையோடு ஒரே வரியில் வைத்த இந்தத் திருத்தம் நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்படவில்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்காரணி இல்லை. நம் கடற்கரையின் பல கோபுரங்கள் 2015க்கு முன்பே எழுந்தவை. உப்புக்காற்று துத்தநாகப் பூச்சைத் தின்னும்; ஏற்றிய நாளில் இருந்த வலிமை போல்ட்டுகளில் பத்தாண்டு கழித்து இருக்காது. 2013 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் கட்டமைப்புச் சான்றிதழைக் கேட்கின்றன. ஆனால் அவை மாநிலங்களுக்கான அறிவுரைகள்தாம். கதிர்வீச்சுக்குத் தொலைத்தொடர்புத் துறை ஆண்டுதோறும் மாதிரிச் சோதனை நடத்தி, மீறினால் அபராதம் விதிக்கிறது. போல்ட்டுக்கு அதே அளவு கண்டிப்பு இல்லை.

உள்ளாட்சிகளின் பிடியும் தளர்ந்துவருகிறது. கோபுரங்கள் மீது சொத்துவரி விதிக்கலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ, வலையமைப்பு அது நிற்கும் சொத்தின் பகுதியாகாது, சொத்துவரிக்கும் உட்படாது என்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வழியுரிமை விதிகள் அனுமதியை விரைவுபடுத்துவதற்கானவை. விரைவு தேவைதான், சான்றிதழைச் சரிபார்க்கும் பொறியாளர் நகராட்சியில் இருக்கிறாரா என்பதை அவ்விதிகள் கேட்பதில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2020இல், காட்டுத்தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் கோபுரங்களுக்கு 72 மணி நேர மாற்று மின்சாரத்தைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் புயல் நாள்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொன்றின் கோபுரத்தைப் பயன்படுத்த அரசு அனுமதி அளிக்கிறது. 2023இல் நாடெங்கும் சோதிக்கப்பட்ட செல் ஒளிபரப்பு முறை, ஒரு பகுதியிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே நொடியில் எச்சரிக்கையை ஒலிக்கச் செய்வது. வங்கக் கடலில் உருவாகும் புயலைக் காரைக்காலில் உள்ள வானிலைத் துறையின் ரேடார் பார்க்கிறது. அது கண்டது தருமபுரத்துக் கைப்பேசியில் ஒலிக்க, இடையிலுள்ள கோபுரம் அந்நேரம் நின்றிருக்க வேண்டும், அதன் மின்கலத்தில் மின்சாரமும் மிச்சமிருக்க வேண்டும்.