வெள்ளை மணலும் கல்மாவும்

கல்மாவில் போடுவதெல்லாம் கோலமே இல்லை, பச்சரிசி மாவில் போட்டு எறும்புக்கு உணவிடுவதுதான் நம் மரபு என்று ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது எனக்குச் சொல்லித் தருகிறார்கள். பத்திரிகைகளுக்குப் படம் போடுவது என் தொழில். மார்கழி பிறந்தால் ஆசிரியர்கள் கேட்பதும் கோலமும் பூசணிப்பூவும்தான். அதனால் இந்தப் பேச்சிலிருந்து எனக்குத் தப்ப வழியில்லை. எறும்பு வாதம் அழகானது, மறுக்க மனம் வராது. ஆனால் ஆண்டாளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாச்சியார் திருமொழியின் முதல் பாசுரத்திலேயே அவள் தை மாதம் முழுக்கத் தரையைத் துலக்கி மண்டலமிடுகிறாள். மாசி பிறந்ததும் நுண்மணலால் தெருவை அலங்கரிக்கிறாள். அடுத்த திருமொழியில் ஒரு பெண்கூட்டமே வெள்ளை மணலைத் தெள்ளி, வீதியில் சிற்றில் கட்டிக் கோலம் இழைக்கிறது. அதைக் கண்ணன் வந்து கலைக்கிறான். நீ அழித்தாலும் உன்மேல் கோபம் வரவில்லையே என்கிறார்கள் அவர்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் கையில் இருந்தது மணல். அரிசி மாவும் பழையதாகவே இருக்கட்டும், அதற்காகக் கல்மாவைக் கலப்படம் என்று திட்ட வேண்டியதில்லை.

நான் பிறந்த திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தச் சிற்றில் வேறு ஒரு பெயரில் இருக்கிறது. மார்கழி முழுக்க வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். பூசணிப்பூ விடியும்போது விரிந்து உச்சிக்கு முன்னால் சுருங்கிவிடும். அதனால் பறிக்கிற வேலை இருட்டோடு முடிய வேண்டும். வாடிய பூவோடு சாணத்தை வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பது சிறுமிகளின் பொறுப்பு. தையில் சிறுவீட்டுப் பொங்கல். களிமண்ணால் சின்னதாக வீடு கட்டி, அதற்கு வாசல், அடுப்பு எல்லாம் வைத்து, அதன் முன் பொங்கலிட்டு, பூ வரட்டிகளை ஆற்றில் விடுவோம். ஆற்றங்கரையில் அன்றைக்குப் பாவாடை நனையாத பிள்ளையே இருக்காது.

சாணத்தின் கரும்பச்சை, மாவின் வெள்ளை, காவிக் கரை, நட்ட நடுவில் ஒரு மஞ்சள். இந்த நான்கு நிறங்களுக்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. இன்றைக்கும் ஒரு படம் தடுமாறினால் மற்ற வண்ணங்களை மூடிவைத்துவிட்டு இந்த நான்கோடு மறுபடி தொடங்குவேன். உப்பில் சாயம் கலந்து ஊதாவும் ரோஸும் நிரப்பி மயில் போடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் பென்சில் மட்டும் அங்கே நிற்காது.

கோடு போடக் கற்றுக்கொடுத்தது ஆச்சி. "ஏட்டி, புள்ளிய கோணலா வச்சிட்டு இழைய எங்க கொண்டுபோய் நிப்பாட்டுவ?" என்பாள். சிக்குக் கோலத்தில் இழை எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. ஒவ்வொன்றையும் வளைத்துக்கொண்டு போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஆச்சிக்கு அந்த வடிவம் படமாக நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தாளில் வரைந்து காட்டச் சொன்னால் திணறுவாள். தரையில் குனிந்துவிட்டால் கை தானாகப் போகும். அம்மா காலத்தில் பெண்கள் பத்திரிகைகள் வந்து இதைக் கணக்காக்கின: 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. எந்த ஊர்க்காரியும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் புள்ளி வைத்துவிடலாம். கத்தரித்து ஒட்டிய கோல நோட்டு இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

ஓவியக்காரியாக எனக்கு ஒரு பொறாமை உண்டு. வங்காளத்துப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து விரலால் தரையில் போடும் அல்பனாவைப் பற்றி அவனீந்திரநாத் தாகூர் 1919இல் 'பாங்லார் ப்ரதா' என்ற புத்தகமே எழுதினார். நந்தலால் போஸ் அதைச் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்குள் கொண்டுபோனார். வீட்டு முற்றத்தில் போட்டது ஓவியப் பள்ளியில் பாடமாயிற்று. நம் கோலமோ கணினித் துறைக்குப் போனது! தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப்போலக் கோலத்துக்கும் விதிகள் எழுதலாம், சில விதிகளைக் கொடுத்தால் சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் வளரும் என்று அதில் காட்டினார்கள். ஆச்சிகளின் கைப்பழக்கத்தை முதலில் மதித்துப் பார்த்தவர்களில் கணக்குக்காரர்களும் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் வெட்கமும்.

பொருளைப் பற்றியே தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழிப் பனியில் அரிசி மாவு ஈரம் வாங்கி விரலில் அப்பிக்கொள்ளும். கோடு திட்டுத்திட்டாக விழும். கல்மாவு கனமானது, நழுவிச் சீராக இறங்கும். தார் ரோட்டில் இன்னும் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் ஜல்லி இடுக்கு விழுங்கிவிடும். சென்னையில் விடிகாலையிலேயே வண்டிகள் கிளம்பிவிடுவதால் பலரும் இரவே போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். நானும் இரவுக்காரிதான்.

ஜனவரியில் மயிலாப்பூர் விழா வரும்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். ரோட்டில் ஆளுக்கு ஒரு கட்டம். பாட்டிகள், கல்லூரிப் பெண்கள், அவ்வப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும் குந்தியிருப்பார்கள். நான் போவது கோலத்துக்காக அல்ல, கைகளை வரைய. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் போடுகிறவர்கள் ஒரு வகை. உள்ளங்கையில் மாவை அள்ளி, விரல் இடுக்கு வழியாக விடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாமவர்கள் கையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்திருப்பார்கள், இழை ஆடாது. அந்த மணிக்கட்டைப் பென்சிலில் பிடிப்பது கடினம். நான் வரைகிறேன் என்று தெரிந்ததும் சிலர் கையை நிறுத்திப் போஸ் கொடுத்துவிடுகிறார்கள்.