கோப்பு வந்தது, படம் வரவில்லை

2011-ஆம் ஆண்டு. முதுகலைச் செய்முறைக்காக ஹீலியம் விளக்கின் நிறமாலையைப் படம் எடுத்து, யூனிக்ஸ் வகைக் கணிப்பொறி ஒன்றில் சேமித்து வைத்திருந்தேன். அடுத்த அறையிலிருந்த விண்டோஸ் கணிப்பொறிக்கு அதை எஃப்.டி.பி. என்னும் கோப்பு மாற்ற முறையில் வரவழைத்தேன். கோப்பு முழுவதும் வந்துவிட்டது என்ற பொருளுடைய 226-ஆம் எண் அறிவிப்பும் திரையில் தோன்றியது. ஆனால் கோப்பைத் திறந்தால் மேலே ஒரு மெல்லிய பட்டை மட்டும் தெரிந்தது. அதன் கீழே வெறும் சாம்பல் நிறம். மும்முறை வரவழைத்தேன். மும்முறையும் அதே இடத்தில் அதே பழுது.

வாசகர்களே, 'அதே இடத்தில்' என்பதைச் சற்றுக் கவனியுங்கள். கம்பியில் ஏற்படும் இரைச்சலால் கெட்டிருந்தால், பழுது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பழுது தற்செயலானதன்று. அதன் பின்னால் ஏதோ ஒரு விதி இருக்கிறது. கோப்பின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தபோது வியப்பு இன்னும் கூடியது. மூலக் கோப்பு சுமார் 5,12,000 பைட்டுகள். வந்து சேர்ந்ததோ அதைவிட ஏறத்தாழ 2,000 பைட்டுகள் அதிகம்! வழியில் சரக்கு தொலைவதுண்டு, கூடுவதுண்டா? இந்த 2,000 பைட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய, நாம் 1971-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலையமைப்பு 1969 அக்டோபரில் தன் முதற்செய்தியை அனுப்பியது. கம்பி இணைத்துவிட்டதாலேயே கணிப்பொறிகள் ஒன்றையொன்று புரிந்துகொண்டுவிடவில்லை. ஒரு கணிப்பொறியில் உள்ள கோப்பை மற்றொன்றுக்கு அனுப்ப இரண்டிற்கும் பொதுவான ஒரு நெறிமுறை வேண்டியிருந்தது. அதன் முதல் வரைவை, ஆர்.எஃப்.சி. 114 என்னும் ஆவணமாக, 1971 ஏப்ரல் 16 அன்று வெளியிட்டவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான இவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

அவர் எதிர்கொண்ட சிக்கலை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்று நாம் பாடம் நடத்துகிறோம். அன்று அப்படி ஒரு பொது வழக்கு இல்லை. பி.டி.பி.-10 கணிப்பொறியின் ஒரு சொல் 36 பிட்டுகள் கொண்டது. அதில் ஏழு பிட் எழுத்துகள் ஐந்தை அடுக்கிவிட்டு மிஞ்சிய ஒரு பிட்டைச் சும்மா விட்டுவிடுவார்கள். மல்டிக்ஸ் அமைப்பும் 36 பிட் சொல்லையே பயன்படுத்தியது. ஆனால் அதில் ஒன்பது பிட் எழுத்துகள் நான்கு இருந்தன. ஐ.பி.எம். கணிப்பொறிகளின் எழுத்துக் குறியீடே வேறு. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு ஆஸ்கி முறையில் எண் 65, ஐ.பி.எம்.மின் எப்சிடிக் முறையில் 193. பிட்டுகளை அப்படியே அனுப்பினால், பெறுபவருக்குக் கடிதம் கிடைக்காது, குப்பைதான் கிடைக்கும்.

எழுத்தைவிட வரியின் முடிவு இன்னும் பெரிய தலைவலி. அக்காலத்தில் கணிப்பொறியோடு பேச உதவிய டெலிடைப் எந்திரம் வினாடிக்குப் பத்து எழுத்துகள் அச்சிடும். வரி முடிந்ததும் அச்சிடும் தலை இடது ஓரத்திற்குத் திரும்ப வேண்டும். தாள் ஒரு வரி மேலே நகர வேண்டும். முதலாவதற்குக் கேரேஜ் ரிட்டர்ன், எண் 13. இரண்டாவதற்கு லைன் ஃபீட், எண் 10. தலை ஓரத்திற்குத் திரும்ப வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆகும். அதனால் 13-ஐ முதலிலும் 10-ஐப் பின்னும் அனுப்பினால், தாள் நகரும் வேளையில் தலையும் போய்ச் சேர்ந்துவிடும். இயக்கவியல் சார்ந்த ஏற்பாடு இது, கணிதம் சார்ந்ததன்று! பின்னர் மல்டிக்ஸும் அதன் வழிவந்த யூனிக்ஸும் வரி முடிவுக்கு 10 மட்டும் போதும் என்று கொண்டன. எம்.எஸ்.டாஸும் விண்டோஸும் 13, 10 இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய மக்கின்டாஷ் 13-ஐ மட்டும் எடுத்துக்கொண்டது.

ஆகவே எஃப்.டி.பி. சில வழிகளை வைத்தது; அவற்றுள் இரண்டை இங்கே பார்ப்போம். 'டைப் ஏ' என்றால் உரை: அனுப்புபவர் தம் எழுத்துகளை ஆஸ்கிக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் 13, 10 என்று முடித்து அனுப்ப வேண்டும், பெறுபவர் தம் வழக்கத்திற்கேற்ப மாற்றிக்கொள்வார். 'டைப் ஐ' என்றால் இமேஜ்: பிட்டுகளைத் தொடாமல் அனுப்புவது. (இங்கே இமேஜ் என்பதைப் படம் என்று கொள்ளாதீர்கள், ஆடியில் தெரியும் பிம்பம் என்று கொள்ளுங்கள்.) பல திருத்தங்களுக்குப் பின், ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரேனால்ட்ஸும் 1985 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 959 நெறிமுறைக்கு நிலையான வடிவம் தந்தது. எதையும் குறிப்பிடாவிட்டால் 'டைப் ஏ' என்றே கொள்ளவேண்டும் என்பது அதிலும் விதி. மனிதர் படிக்கும் உரைகளே பெரிதும் பயணம் செய்த காலத்தில் பிறந்த அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது என் நிறமாலைக்கு வருவோம். நான் எந்த வகையையும் குறிப்பிடவில்லை. எனவே படத்தை உரை என்றே எடுத்துக்கொண்டார்கள். படக் கோப்பில் 10 என்ற பைட் வந்த இடமெல்லாம் வரி முடிவு என்று கருதி, அதன் முன் ஒரு 13 சேர்க்கப்பட்டது. சுருக்கப்பட்ட படக் கோப்பில் 0 முதல் 255 வரை எல்லா எண்களும் ஏறத்தாழச் சமமாக விரவியிருக்கும். ஆகவே 256 பைட்டுகளுக்கு ஒரு முறை 10 வரும். 5,12,000-ஐ 256-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2,000! எதிர்த் திசையில், விண்டோஸிலிருந்து யூனிக்ஸுக்கு அனுப்பினால், 13-உம் 10-உம் அடுத்தடுத்து வந்த இடத்தில் 13 நீங்கிவிடும், கோப்பு இளைக்கும். கோப்பு பருத்ததா இளைத்ததா என்று பார்த்தாலே பாதி நோய் விளங்கிவிடும். மருந்து, 'பைனரி' என்ற ஒரு கட்டளை.

எஃப்.டி.பி.யின் மற்றொரு பழம்பிழை இவ்வளவு மௌனமானதன்று. இந்நெறிமுறை கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்கு வேறோர் இணைப்பு என இரண்டைப் பயன்படுத்துகிறது. முதல் ஏற்பாட்டில், கோப்பைத் தரும் சர்வரே நம் கணிப்பொறியை நோக்கித் திரும்ப அழைக்கும். 1990-களில் தீச்சுவர் என்னும் காவல் அமைப்புகள் பெருகியதும் அந்த அழைப்பு வாசலிலேயே தடுக்கப்பட்டது. கடவுச்சொல் ஏற்கப்படும்; பட்டியல் கேட்டால் நெடுநேரம் ஒன்றும் வராது; பிறகு 425 என்று வரும். நாமே இரண்டாவது இணைப்பையும் தொடங்கும் 'பாசிவ்' முறையை வழக்கமாக்கலாம் என்று ஸ்டீவன் பெல்லோவின் 1994-இல் ஆர்.எஃப்.சி. 1579-இல் எடுத்துரைத்தார். 4-இல் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயலலாம்; 5-இல் தொடங்கினால் அதே கட்டளையைத் திரும்ப அனுப்புவது வீண். பிழை தன்னைத் தானே அறிவிக்கும் இடங்கள் இவை. என்னை ஏமாற்றியதோ வெற்றியை அறிவிக்கும் 226. அனுப்பியதும் பெற்றதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு 1985-ஆம் ஆண்டு ஆவணத்தில் இல்லை.

அந்தக் குறையைப் படக் கோப்பின் பக்கத்திலிருந்தே சிலர் அடைத்தார்கள். 1995-இல் உருவாகத் தொடங்கிய பி.என்.ஜி. வகைப் படங்களின் முதல் எட்டு பைட்டுகள் எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே இருக்கும். ஏழு பிட் மட்டும் கடத்தும் பாதையில் சென்றால் 137 என்பது 9 ஆகிவிடும். அடுத்த மூன்றும் அவ்வகையின் பெயர் எழுத்துகள். 13, 10 ஒன்றாகச் சுருங்கினால் கோப்பு இளைத்த வழி தெரியும். கடைசி 10-இன் முன் ஒரு 13 முளைத்தால் பருத்த வழி தெரியும். இடையிலுள்ள 26, டாஸ் திரையில் கோப்பை உரையாகக் காட்ட முயன்றால் அங்கேயே நிறுத்துவதற்கு. முன்னணி உலாவிகளான குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. உங்கள் கைப்பேசி எடுக்கும் திரைப்பிடிப்பு பி.என்.ஜி. வகையாக இருந்தால், அதன் தொடக்கத்தில் டெலிடைப்பின் 13-உம் 10-உம் இன்றும் இருக்கின்றன.