பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பூங்காவும்

தொழில்நுட்பப் பூங்கா என்னும் எண்ணம் பல்கலைக்கழகத்தின் மடியிற் பிறந்ததாகும். 1951இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் தன் நிலத்தின் ஒரு பகுதியைத் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு வழங்க முன்வந்தது. அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் பொறியியற் பீடாதிபதி பிரெட்ரிக் டெர்மன். ஆய்வாளரும் தொழில் முனைவோரும் அருகருகே இயங்குதலே அம்முயற்சியின் உயிர்நாடி. சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக எம். எஸ். அனந்த் விளங்கிய காலத்தில், 2010இல் தரமணியில் தொடங்கப்பெற்ற ஆய்வுப் பூங்காவும் இவ்வழி வந்ததே.

பெரியநீலாவணைக்குத் தெற்கே, ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுமை பெற்றது. பெரியநீலாவணையை அடுத்துள்ள மருதமுனையோ கைத்தறிக்குப் பெயர்போனது. கட்டடங்கள் மட்டும் பூங்காவாகா. நெசவாளரின் தறியும் சாயமும் சந்தையும் ஆய்வுகூடத்தின் வினாக்களாக மாறும் நாளே இக்கரையோரத்தில் அதற்குக் கால்கோள் நாளாகும்.