கிஃப்ட்: கொடையும் நஞ்சும்

'கிஃப்ட்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜிய மொழிகளிலோ நஞ்சுக்கும் அதுவே சொல், மணமானவருக்கும் அதுவே. தற்செயலாக ஒலி ஒத்துப்போன சொற்கள் அல்ல இவை. ஜெர்மானிய மொழிக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான, 'கொடு' என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தின் 'கிவ்', ஜெர்மனின் 'கேபென்' இரண்டும் அவ்வினையின் இன்றைய வடிவங்கள்.

மணப்பொருள் தமிழருக்கு எளிதில் விளங்கும். பெண் கொடுப்பது, கொள்வினை கொடுப்பினை என்றுதானே இங்கும் பேச்சு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணமகளுக்காகத் தரும் பொருளையும், பன்மையில் திருமணத்தையுமே குறித்தது. அப்போது அதன் முதலொலி யகரம். இன்றைய ககரம், 865இல் பெரும்படையாக வந்திறங்கி, பின்னர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து வந்தது. ஐஸ்லாந்து மொழியில் 'கிஃப்டா' என்றால் நற்பேறு. 'அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்' என்னும் தமிழ்ப் பேச்சிலும் அதே எண்ணம் ஓடுகிறது.

நஞ்சுக்கு இப்பெயர் வந்த வழி மருத்துவம். கிரேக்க மொழியில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவை மருத்துவர்கள் அப்படி அழைத்தனர். லத்தீனும் அதை ஏற்றது. பழைய ஜெர்மன் அச்சொல்லுக்குத் தன் 'கிஃப்ட்'டை ஈடாக வைத்தது. கொடுத்த மருந்து என்பது, வாய்விட்டுச் சொல்லக் கூசும் கொல்லும் மருந்துக்கு இடக்கரடக்கலாயிற்று. நஞ்சை 'மருந்து' என்றே சொல்வது தமிழ்க் கிராமங்களிலும் கேட்கும் வழக்கு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ள 'பாய்சன்' லத்தீனில் வெறும் 'குடிப்பது'தான். ஆகவே பரிசு திடீரென்று பகையாக மாறிவிடவில்லை. மாற்றம் மருத்துவர் கை வழியே மெல்ல நடந்தது.

1538இல் மருத்துவர் பாராசெல்சஸ், எல்லாப் பொருளும் நஞ்சே, அளவே அதை நஞ்சல்லாததாக்குகிறது என்று ஜெர்மனில் எழுதினார். நஞ்சுக்கு அவர் கையாண்ட சொல் 'கிஃப்ட்', அளவுக்கு 'டோசிஸ்'. மூலச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நின்றன.

டச்சு மொழி இரு பொருளையும் எழுத்தால் பிரித்துக்கொண்டது: நன்கொடை 'கிஃப்ட்', நஞ்சு டகரம் உதிர்ந்த 'கிஃப்'. ஜெர்மனில் பழைய கொடைப்பொருள் 'மிட்கிஃப்ட்' என்ற கூட்டுச்சொல்லில் தங்கியிருக்கிறது. மகளோடு கொடுத்தனுப்பும் சீர் என்பது அதன் பொருள். தனிச்சொல் அஃறிணைப் பாலுக்கு மாறிவிட்டது. இக்கூட்டுச்சொல் மட்டும் பழைய பெண்பாலிலேயே வழங்குகிறது.