வீட்டு ஆம்ப்ளிபயரில் வால்வு: எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

தாத்தா காலத்து வானொலியின் இதமான குரல் இன்றைய ஸ்பீக்கர்களில் இல்லை என்பவர்கள் செலாயாங் தரைவீடுகளிலும் உண்டு, தோட்டப்புறத்திலும் உண்டு. அந்தக் குரலுக்குக் காரணமான வால்வை இன்றைய செட்டிலும் சேர்க்கலாம்.

பாடநூல் இதை வெற்றிடக் குழாய் என்கிறது. 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியபோது வீட்டு வானொலிகள் இதில்தான் ஓடின. மக்கள் வாயில் நின்ற பெயர் வால்வுதான். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறும் முனை எலெக்ட்ரான்களை வெளிவிடும். நடுவிலுள்ள கம்பி வலை அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, சிறிய ஒலிச் சமிக்ஞை பெரிதாகிறது. அப்போது வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் இரண்டாம் மடங்கு அதிர்வையே காது இதமாக உணர்கிறது. பதிவில் இல்லாத ஒன்று அது. பதிவு உள்ளபடியே கேட்க வேண்டுமென்றால் வால்வு தேவையில்லை.

முழுச் செட்டையும் மாற்ற வேண்டாம். இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்கு முன்னால் வால்வு ப்ரீ-ஆம்ப் ஒன்றை இணைப்பதே எளிது. ஸ்பீக்கரை இயக்கும் வேலை பழைய ஆம்ப்ளிபயரிடமே இருக்கும். இவற்றில் 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7 வகைகள் அதிகம். இரண்டுக்கும் கால்கள் ஒன்றுபோல் இருந்தாலும் முன்னதன் பெருக்கம் 100, பின்னது சுமார் 20 மட்டுமே. கையேடு அனுமதித்தாலொழிய மாற்றிச் செருகக்கூடாது. முழு வால்வு ஆம்ப்ளிபயர் வாங்குவோர் ஸ்பீக்கரையும் பார்க்க வேண்டும். ஈஎல்84 ஒன்று தனியாகத் தருவது சுமார் 5 வாட்; உணர்திறன் 90 டெசிபலுக்குக் குறைந்த ஸ்பீக்கரில் சத்தம் போதாது. ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பழுதாகலாம்.

இனி ஆபத்து. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 250 முதல் 450 வோல்ட் வரை ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது பழகியவர் வேலை. இரைச்சல் வருகிறதென்று மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டிப்பது உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும்.

தாத்தாவின் வானொலியையே கைப்பேசியோடு இணைக்க ஆசைப்படுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாத சில பழைய மாடல்களில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அதிலிருந்து வயர் இழுத்தால் கைப்பேசியைப் பிடித்த கையில் ஷாக் அடிக்கும். காகிதக் கெப்பாசிட்டர்களும் வயர் உறைகளும் இத்தனை ஆண்டுகளில் கெட்டிருக்கும். முதலில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதுவரை பிளக்கில் செருகவே வேண்டாம்.

உதிரிப் பாகங்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகள் பெயர்பெற்றவை. இசைத்தட்டுகளுக்குப் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை உண்டு. ஓடு பதித்த தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும் ஹாலில் எந்த வால்வும் எடுபடாது. பணம் போடுமுன் ஒரு கம்பளம் விரித்து, திரைச்சீலை மாட்டிக் கேட்டுப் பார்ப்பது மலிவு.