சுவரில் ஒட்டிய சரித்திரம்

சென் ஜேம்ஸ் ரவுணின் கொங்கிறீற் சுவரில் சாதாரண ஆணி இறங்காது. அடித்தால் ஆணி வளையும், பெயின்ற் உதிரும், பக்கத்து வீட்டுக்காரர் திருப்பித் தட்டுவார். அதனால் இருபக்கமும் ஒட்டுகிற ரேப்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஓர் அறை வீட்டில் மூன்று பேராக இருந்த காலத்தில் நாங்கள் முதலில் மாட்டியது, தமிழ்க்கடையில் அரிசி மூட்டையோடு இலவசமாகக் கிடைத்த கலண்டர். வருடம் முடிந்ததும் திகதிகளை வெட்டியெறிந்துவிட்டு லட்சுமியை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறேம், குப்பை அறைக்குப் பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போனது. அதற்குள் ஏற்கெனவே ஒரு பனிமலைப் படம் இருந்தது. எறிய மனம் வரவில்லை. லட்சுமிக்குப் பின்னால் அப்படியே விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்த இலக்கிய நண்பர் ஒருவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். 'இன்னும் கலண்டர் ரசனைதானா?' என்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்த நாங்களும் ஒருகாலத்தில் அப்படிச் சிரித்தவர்கள்தான். றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமத்தில் வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு படுத்தபோதுதான், இது எங்கேயிருந்து வந்தது என்று தேடவேண்டும் போலிருந்தது.

இந்தப் படத்தின் பாட்டன் ரவி வர்மா (1848-1906). அரண்மனைகளுக்கு எண்ணெய் வர்ணத்தில் வரைந்த அவர் 1894 இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பமும் ஜேர்மனியிலிருந்து வந்தன. அது கல்லச்சு முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். ஒரே தாள் பல தடவை அழுத்தத்துக்குள் போய்வர வேண்டும். மயிரிழை விலகினாலும் கண் ஓரிடத்திலும் கண்மை ஓரிடத்திலும் விழும். அச்சகம் அவருக்கு நட்டத்தையே கொடுத்தது. சில வருடங்களில் பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜேர்மானியரின் கைக்குப் போனது. ஆனால் படங்கள் நிற்கவில்லை. சேலையுடுத்துத் தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணையோடு அமர்ந்திருக்கும் சரஸ்வதி என்று இன்று எங்கள் கண்ணுக்குள் வரும் உருவங்களில் பெரும்பங்கு அந்தத் தாள்கள் தந்தவை. மன்னர் வீட்டுச் சுவரில் இருந்தது சில்லறைக் காசுக்குச் சந்தைக்கு வந்தது.

அடுத்த ஊர் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்போன அந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. 1899 இல் அங்கே பெரும் கலவரம் நடந்தது. நாடார்கள் விஸ்வநாதசுவாமி கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதே அதற்கு முக்கிய காரணம். அதற்கு இரண்டு வருடம் முன்னர் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது வழக்குப் போடப்பட்டு, அது லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1908 இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1922 இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்தபின் கலண்டர் வந்தது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் ஊர், சாமியை அச்சடித்து எல்லோர் வீட்டுக்கும் அனுப்பியது. இதைவிடப் பெரிய பதிலை எந்த நீதிமன்றம் கொடுத்திருக்கும்?

சிவகாசிக்கு அண்மையில் உள்ள கோவில்பட்டியில் இருந்தவர் கொண்டையராஜு (1898-1976). நாடகக் கம்பனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம் முதலான சீடர்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி வீடுகளுக்குப் போயின. நாடகத் திரையின் மாளிகைத் தூணும் குளமும் தொலைமலையும் சாமிக்குப் பின்னால் வந்து நின்றது இப்படித்தான்.

எங்கள் ஊரும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள்; தடுக்கப்பட்டார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய மண்சுவர் வீட்டில் ஒரு கலண்டர் முருகன் இருந்திருந்தால், அவர் எந்த ஐயரிடமும் அனுமதி கேட்டு வந்தவரல்ல. 'கலண்டர் ரசனை' என்று சிரிக்கும்போது நாங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் யோசிக்கவேண்டும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது எங்களுக்கு ஏழெட்டு வயது. அம்மா சுவாமிப் படத்தின் கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றி வைத்துவிட்டு, தாளை மட்டும் பாய்க்குள் வைத்துச் சுருட்டினா. கல்லில் செய்த சாமியை அப்படிச் சுருட்ட முடியாது. மலிவான தாளுக்குத்தான் அகதியோடு கூட நடக்கத் தெரியும்.

1960களில் தனியாள் இளைஞர்களுக்கென்று கட்டப்பட்ட இந்த மாடிகளில் 1980களிலிருந்து எங்கள் ஆட்கள் வந்து குடியேறினார்கள். கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே சுவர்தான் ஆளைச் சொல்லும். பழைய சேலைக் கரையை வெட்டிப் பிறேம் போட்டவர்களைக் கண்டிருக்கிறோம். ஊர்ப் படலையை நினைவில் வைத்துப் பென்சிலால் கீறி ஒட்டியவரும் உண்டு. புகை அலாரம் அலறும் என்று படத்துக்கு முன்னால் மின்விளக்கு எரிப்பவர்களே அதிகம்.

2018 ஓகஸ்றில் 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் தீப்பற்றி, சுமார் 1500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2020 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அவசியமானதை மட்டும் எடுத்துவரச் சிறிது நேரம் உள்ளே விட்டபோது, எங்கள் நண்பன் பாஸ்போட்டும் மருந்தும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். வீதியில் காத்து நின்ற தாய் கேட்ட முதற் கேள்வி: 'தம்பி, சுவாமிப் படத்தை எடுத்தனியே?'

அவன் திரும்பி மேலே பார்த்தான். அன்றைக்கு இரண்டாவது தடவை விடவில்லை.

அன்றிரவு நாங்கள் வீட்டுக்கு வந்து லட்சுமியை இறக்கி, ரேப்பை மாற்றி ஒட்டினோம். பின்னாலிருந்த பனிமலை இலேசாக வெளியே தெரிந்தது. அதையும் நேராக்கி உள்ளே வைத்தோம். யாரோ ஒருவருடைய ஊராக இருக்கலாம்.