பாராமகாலின் பட்டாளத்து ஆய்வாளர்கள்

ஜனநாயகம், நிர்வாகம், பாதுகாப்பு மூன்றையும் ஆராய இன்னைக்குப் பல்கலைக்கழகங்களில் தனி நிறுவனங்களே இருக்கு. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் அந்த வேலை 1792-லேயே தொடங்கிடுச்சு. ஜனநாயகம் மட்டும் கிடையாது!

திப்புவிடமிருந்து பாராமகால் கைமாறியதும் காரன்வாலிஸ் அனுப்பியது பட்டாளத்துக்காரர்களை: அலெக்சாண்டர் ரீட், உதவிக்கு மன்றோ, கிரஹாம், மெக்லியாட். சிவிலியன்களுக்கு ஊர் மொழி தெரியாது, இவங்களுக்குத் தெரியும். ஓசூர் 1799 வரை திப்பு கையில். அதனால இது எல்லைப் பகுதியும்கூட.

நிலத்தை அளந்தாங்க; சாதி, விளைச்சல், வியாபாரம் எல்லாம் எழுதினாங்க. ரயத்வாரி முறை இங்கதான் முளைச்சது. ரயத்துகளை ஒவ்வொருத்தராகப் பதிஞ்சாங்க, ஆனா வரி முடிவாகிற இடத்தில் அவங்களுக்கு நாற்காலி இல்லை.

இப்பவும் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கணும்னா முதலில் புரட்டுவது பட்டாவைத்தான்.